கண்மாய்க் கரையில் சைக்கிள் விடலாமா?

கள்ளந்திரிப் பக்கம், பெரியாறு பிரதானக் கால்வாயின் கரையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் சைக்கிள் ஒன்றாவது கண்ணில் படும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் வயதானவராக இருப்பார். அடியில் தார் ரோடு கிடையாது. மிதிபட்டு இறுகிய செம்மண், இடையிடையே சரளைக் கல், போன மழைக்கு டிராக்டர் பதித்துவிட்டுப் போன தடம். அந்த இரண்டு தடத்துக்கும் நடுவே உள்ள மேட்டில் சக்கரம் பிசகாமல் வண்டி வரும். இதை அவர் சாகசம் என்று நினைப்பதில்லை. பால் ஊற்றப் போகிறார், அவ்வளவுதான்.

இதே மாதிரிப் பாதையில் இங்கிலாந்தில் ஒருவர் சைக்கிள் ஓட்டினால் அதற்கு ஒரு பெயர் உண்டு: கிராவல் பைக்கிங். கிராவல் என்றால் சரளை. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் உலகம் முழுக்கப் பரவிவிட்ட பொழுதுபோக்கு இது. ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், மண்ணில் ஓடும் அளவுக்கு அகலமான டயர், டிஸ்க் பிரேக். லட்ச ரூபாயைத் தாண்டும் மாடல்கள் இந்தியாவிலும் விற்பனைக்கு இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால் டயர் அளவு! கிராவல் சைக்கிளின் டயர் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். பால்காரரின் சைக்கிளில் இருப்பது, கடையில் 'இருபத்தெட்டுக்கு ஒன்றரை' என்று கேட்டு வாங்குகிற டயர். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். சரளையில் ஓட்ட என்ன அகலம் வேண்டுமோ அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. (அந்த சைக்கிளின் வடிவமும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். தார் ரோடு அபூர்வமாக இருந்த காலத்து வடிவம்.)

ஆக, சைக்கிளும் இருக்கிறது, பாதையும் இருக்கிறது. அங்கே இருந்து இங்கே இல்லாதது மூன்றாவதாக ஒன்று. அந்தப் பாதையில் போகிற உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் மதுரையைச் சுற்றியுள்ள மண் பாதைகள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் நடந்தது என்ன?

இங்கிலாந்தின் கிராமப்புற வரைபடம் ஒன்றை விரித்தால் ஊருக்கு ஊர் போகும் பச்சைக் கோடுகள் வலை பின்னியது மாதிரி தெரியும். ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு அளவை நிறுவனம் வெளியிடும் வரைபடம் அது. குட்டிக் குட்டிக் கோடாக இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். கொஞ்சம் நீளமான கோடாக இருந்தால் அது 'பிரைடில்வே', அதாவது குதிரைப் பாதை. வயலின் ஓரமாக, காட்டுக்குள், சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகின்மேல் என்று அந்தக் கோடுகள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தனியார் நிலத்தின் வழியாகப் போகின்றன. ஆனாலும் நிலத்துக்காரர் வேலி போட்டு அடைக்க முடியாது.

இது சும்மா வந்துவிடவில்லை. தொழிற்சாலை நகரங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்கக்கூட இடம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. மலைகளும் புல்வெளிகளும் வேட்டைக்காகப் பிரபுக்களால் அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடி, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்துக்குள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த மாதிரிப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1949-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் பொதுமக்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் பாதைகளை அளந்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது அந்தச் சட்டம். வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே சாட்சி. "இங்கே பாதையே இல்லை" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது சைக்கிள். 1968-ஆம் வருடத்து கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று அனுமதித்தது. கூடவே இரண்டு நிபந்தனைகள். நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். சைக்கிளுக்காகப் பாதையைச் சரிசெய்து தர வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தார் கேட்கவில்லை, கான்கிரீட் கேட்கவில்லை, டெண்டர் கேட்கவில்லை. உரிமையை மட்டும் எழுதி வைத்தார்கள். பாதை கரடுமுரடாக இருந்தால் அது ஓட்டுகிறவர் பாடு!

அந்த ஒரு பிரிவிலிருந்துதான் இன்றைய கிராவல் பைக்கிங் வழித்தடங்கள் கிளைத்தன. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கி.மீ. நீளும் சவுத் டவுன்ஸ் வே முழுக்க முழுக்க சைக்கிள் போகக்கூடிய பாதை. 2020-ல் 'சைக்கிளிங் யுகே' என்ற அமைப்பு, வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்ச் வழியாகச் சுற்றி அங்கேயே வந்து முடியும் 350 கி.மீ. வழித்தடத்தை அறிவித்தது. ஆல்பிரட் மன்னர் பெயரை அதற்கு வைத்தார்கள். புதிதாக அவர்கள் மண் வெட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பாதைத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டார்கள். உரிமையுள்ள பாதை என்பதால் முடிச்சுப் போட முடிந்தது.

இங்கிலாந்து சொர்க்கம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பதிவான பாதைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிளுக்கு உரிமை உண்டு. மற்றவை நடப்பவர்களுக்கு மட்டும். ரிட்ஜ்வே என்ற பழம்பெரும் பாதையின் மேற்குப் பாதியில் சைக்கிள் விடலாம். கிழக்குப் பாதியில் பல இடங்களில் விட முடியாது. எது முடியும், எது முடியாது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. சண்டை போடுவதற்கும் ஓர் ஆதாரம் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் வருவதற்கு முன்பே அங்கே இந்தப் பழக்கம் உண்டு. 1955-ல் லெமின்ஸ்டர் என்ற சிற்றூரில் சைக்கிள் பிரியர்கள் சிலர் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கரடுமுரடான பாதையில் சாதாரண சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவது, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது, ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்தால் தோளில் தூக்கிக்கொள்வது. இதுதான் அந்தச் சங்கத்தின் வேலை! நம்பர் ஒன் சைக்கிள் இருந்தால்தான் மண் பாதையில் போக முடியும் என்பது விற்பவர்கள் பேச்சு.

மதுரையில் என்ன இருக்கிறது?

மதுரையைச் சுற்றிய சமவெளி மண் பாதைகளுக்காகவே அமைந்தது மாதிரி இருக்கிறது. காரணம் பாசனம். கண்மாய்க்கு ஒரு கரை உண்டு. கால்வாய்க்கு இரண்டு கரை உண்டு. கரை இருந்தால் அதன்மேல் ஒரு தடம் உண்டு. நீர் பாய்ச்சுகிறவர், மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர் எல்லோரும் நடந்து நடந்து உண்டான தடம்.

முதலில் பெரியாறு கால்வாய். மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றை பென்னிகுயிக் கட்டிய அணை கிழக்கே திருப்பியது 1895-ல். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரங்கள் வழியாகக் கள்ளந்திரிக்கும் அங்கிருந்து மேலூர்ப் பக்கமும் போகிறது. கால்வாய் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போவதால் கரையில் செங்குத்தான ஏற்றமே கிடையாது. ஒரு பக்கம் சிறுமலை, அழகர்மலை. இன்னொரு பக்கம் தென்னையும் நெல்லும் கரும்பும். தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் கால்வாய் ததும்பப் போகும்போது அந்தக் கரையில் சைக்கிள் விடுகிற சுகம் தனி.

இரண்டாவது வைகையின் தென்கரை. சோழவந்தானுக்கு எதிரே தென்கரை என்ற ஊரிலிருந்து மேலக்கால், கொடிமங்கலம், துவரிமான் வழியாக மதுரை வரை, வைகைக்கும் நாகமலைக்கும் நடுவே ஒரு பசுமையான பட்டை ஓடுகிறது. தார் ரோடு ஒன்று உண்டு. அதை விட்டு இறங்கினால் வாழைத் தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால் வரப்பு. வைகையிலிருந்து பிரியும் கால்வாய்கள் மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று கண்மாய் கண்மாயாகப் போய் நிரப்புகின்றன. அந்தக் கால்வாய்களின் போக்கிலேயே போனால் திருப்பரங்குன்றத்தின் பின்பக்கம் வந்துவிடலாம்.

மூன்றாவது கீழக்குயில்குடி. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து உள்ளே போனால் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். மேலே பாறையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். அங்கிருந்து வடிவேல்கரை, மண் பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி என்று வயல்காட்டு வழிகள் இருக்கின்றன.

நான்காவது மேலூரை அடுத்த அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மலைகளுக்கு நடுவே சுனைகளும் கண்மாய்களும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும், தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ள இடம். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது அந்த வட்டாரத்து மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை வரை ஊர்வலம் வந்ததும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் எல்லோருக்கும் தெரியும். தன் ஊர் மலையையும் கண்மாயையும் தினமும் காலால் அளந்தவர்கள்தான் அப்படி எழுந்து வருவார்கள்.

கிழக்கே கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு கார்களும் பஸ்களும் நான்கு வழிச் சாலையில் வரிசை கட்டுகின்றன. வைகைக் கரையை ஒட்டிய தோப்புகள் வழியாக சைக்கிளில் கீழடிக்குப் போக ஒரு வழி அடையாளம் காட்டியிருந்தால், இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முந்தைய ஒரு நகரம் ஏன் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தது என்பது போகிற வழியிலேயே புரிந்திருக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் இந்தப் பாதைகளில் போவது தற்கொலைக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்ற விடாது. மார்கழியிலிருந்து மாசி வரைதான் நல்ல காலம். அப்போதும் சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும். பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் கண்மாய்க் கரையில் இறங்கக் கூடாது.

யாருக்கு வேண்டும் இந்தப் பாதை?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. "லட்ச ரூபாய் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுகிற நாலு பேருக்காக அரசாங்கம் மெனக்கெட வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் பதில். அவர்கள் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். கார் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் அடிவாரத்துக்குப் போய்விடுவார்கள். பாதை வேண்டியிருப்பது வேறு ஆட்களுக்கு.

2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் சேரும் பையன்கள், பெண்கள் எல்லோருக்கும் தமிழக அரசு இலவச சைக்கிள் கொடுத்து வருகிறது. ஊரில் பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சைக்கிள் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போய்ப் படிப்பார்கள் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையையும் தாண்டி, புதுக்கோட்டையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிளும் ஒரு பாடமானது! பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகமே அறிந்தது.

சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை எங்கே ஓட்டுவது?

மதுரையைச் சுற்றி இன்று பார்த்தால், பெங்களூர்-கன்னியாகுமரி நெடுஞ்சாலை, திருச்சி-தூத்துக்குடி நெடுஞ்சாலை, ராமேஸ்வரம் சாலை, சுற்றுச்சாலை என்று எல்லாப் பக்கமும் வேகச் சாலைகள். 2023 ஏப்ரலில் நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீளத்துக்குப் பறக்கும் பாலமே திறந்தாயிற்று. காருக்கும் லாரிக்கும் நல்லதுதான். ஆனால் நான்கு வழிச் சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் இருக்கிற பிள்ளையின் கதை என்ன? நடுவில் தடுப்புச் சுவர். இடைவெளி எங்கோ ஒரு கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வருவதற்குப் பதிலாக, ஓரமாக எதிர்த் திசையிலேயே ஓட்டிப் போவார்கள். எதிரே நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் வரும். "கிராமத்து ஜனங்களுக்கு ரோட்டு ரூல்ஸே தெரியாது" என்று காரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லுவார். அந்த ஜனங்களுக்கு முன்பு ஒரு வண்டிப்பாதை இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

அதனால், கிராவல் பைக்கிங் பாதை என்று எதைச் சொன்னாலும் அது முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை. அடுத்தது பால்காரர் பாதை, வயலுக்குப் போகிறவர் பாதை. கடைசியில்தான் ஞாயிற்றுக்கிழமைக்காரர் பாதை. ஆனால் அந்தக் கடைசி ஆளும் வேண்டும். ஏனென்றால் பாதை அடைபட்டால் மனு எழுதவும், போட்டோ எடுத்துப் போடவும், கலெக்டர் ஆபீசில் போய் நிற்கவும் அவரிடம் நேரமும் வசதியும் இருக்கிறது.

பாதை எப்படித் தொலைகிறது?

ஒரே நாளில் யாரும் பாதையைத் திருடிக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது.

வயல் பிளாட் ஆகும்போது முதல் அடி விழுகிறது. லேஅவுட் போடுகிறவர் தன் எல்லைக்கு முள்வேலி கட்டுகிறார். நடுவே குறுக்காகப் போன வண்டிப்பாதை இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு உள்ளே, ஒரு துண்டு வெளியே. இரண்டு வருடம் யாரும் நடக்காவிட்டால் வெளியே இருக்கிற துண்டிலும் சீமைக் கருவேலம் மண்டிவிடும். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவே போட்டது. வெட்டினார்கள், வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி முளைத்தது.

கண்மாய் போனால் கரையும் போகும். மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தையைக் குறிப்பது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாடுகள் வந்து சேர்ந்த வழிகள் இன்று பஸ் வழிகள். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையின் வளாகம் இருக்கிறது. நகரம் வளரும்போது கட்டடம் வரத்தான் செய்யும். ஆனால் கண்மாய்க் கரையில் ஊருக்கு ஊர் போன தடத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நீர்நிலைக்காவது 2007-ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. எல்லை அளக்க, ஆக்கிரமிப்பை எடுக்க வழி இருக்கிறது. நடந்து போன தடத்துக்காகப் பேச ஆள் இல்லை.

மிச்சம் இருக்கும் இடத்தில் குப்பை. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் குறைந்த கரை என்றால் கோழிக் கழிவும் கட்டட இடிபாடும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்குகின்றன. ஆள் நடமாட்டம் குறைந்ததால் குப்பை வருகிறது. குப்பை வந்ததால் நடமாட்டம் இன்னும் குறைகிறது.

மறுப்புகள்

"கால்வாய்க் கரை நீர்வளத் துறையுடையது. எல்லோரும் சைக்கிள் விட்டால் கரை கெட்டுவிடும்" என்று சொல்லலாம். கரை அரசாங்கத்துடையதுதான். தண்ணீர் நிறைய ஓடுகிறபோது, உடைப்பு ஏற்படும் என்று தோன்றுகிறபோது கரையை அடைக்கத் துறைக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். ஆனால் ஆளும் சைக்கிளுமாகச் சேர்த்தால் நூறு கிலோ. மணலோ செங்கலோ ஏற்றிய டிராக்டர் பல டன். கரையை எது கெடுக்கிறது என்பதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை.

"பாதுகாப்பு இல்லை, பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்பது நியாயமான பயம். ஆனால் ஒரு பாதை பயமாக இருப்பதற்குக் காரணம் அதில் ஆள் இல்லாததுதான். நாலு பேர் போய் வருகிற பாதையில் ஐந்தாவது ஆள் தைரியமாகப் போவார். நெடுஞ்சாலையின் ஓரத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அந்தப் பிள்ளையை இன்று அனுப்பிக்கொண்டிருப்பதை மட்டும் எப்படிப் பாதுகாப்பு என்று சொல்வது?

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் தார் போட்டுவிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் பிடித்த யோசனை. கூடவே கூடாது! தார் போட்ட மறுநாள் கார் வரும், ஷேர் ஆட்டோ வரும், அடுத்த வருடம் பிளாட் வரும். சைக்கிள் மறுபடி ஓரத்துக்குப் போகும். மண் பாதையாக இருப்பதுதான் அதற்குக் காவல். பள்ளம் விழுந்த இடத்தில் இரண்டு டிராக்டர் சரளை கொட்டி இறுக்கினால் போதும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை கணக்கெடுப்பு. இதற்குப் புதிதாக அளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் வருவாய்த் துறையிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கின்றன. பாதை புறம்போக்கு எது, வண்டிப்பாதை எது, வாய்க்கால் எது என்று சர்வே எண்ணோடு அதில் குறித்திருக்கிறது. புலப்படத்தை இப்போது இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். அதாவது 1949-ல் இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியிருந்த வேலையில் பாதி இங்கே ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆனால் அது சர்வே எண் சர்வே எண்ணாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டி, ஒரு தாலுகாவுக்கு ஒரு வரைபடம் என்று யாரும் வெளியிடவில்லை.

இரண்டாவது, கிராம சபை. வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. "எங்கள் ஊரில் பொதுப் பயன்பாட்டில் உள்ள வண்டிப்பாதைகள் இவை" என்று ஒரு பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றினால் அது ஒரு சாட்சி. நாளைக்கு வேலி விழுந்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும்.

மூன்றாவது, லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும்போதே, உள்ளே ஒரு வண்டிப்பாதை போகிறதா என்று புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போனால் அதைத் திறந்து விட வேண்டும். நடக்கிறவரும் சைக்கிளும் மாடும் நுழைகிற அளவுக்குக் கல் நட்டால் போதும்; கார் நுழையாது.

நான்காவது, கல். ஊர் எல்லையில், பாதை பிரிகிற இடத்தில், ஒரு அடிக் கல்லில் அடுத்த ஊரின் பெயரும் தூரமும். அந்தக் காலத்து மைல்கல் மாதிரி. போர்டுக்கு ஆகிற செலவுகூட இதற்கு ஆகாது.

ஐந்தாவது, வழிவிடும் முறை. நடப்பவருக்கு முதல் உரிமை, ஆடு மாட்டுக்கு அடுத்தது, சைக்கிளுக்குக் கடைசி. மணி அடித்து ஆளை விரட்டுகிற பாதையாக அது ஆகிவிடக் கூடாது. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் மடை குறுக்கே இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெளியூர்க்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

இவற்றில் எதற்கும் கோடி ரூபாய் வேண்டியதில்லை. நாக்பூர், சிங்கப்பூர் என்று யாரையும் பார்த்து வரப் போக வேண்டியதில்லை. ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஒரு ஊருக்கு நான்கு பேர் என்று, ஒரு சனி ஞாயிறு புலப்படத்தோடு சைக்கிளில் போனால் ஒரு ஊரின் பாதைகளைச் சரிபார்த்துவிடலாம். எது திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது, எங்கே முள், எங்கே குப்பை. நூறு ஊர் முடிந்தால் மதுரைச் சமவெளிக்கு முதல் வரைபடம் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். நான்கு எல்லை சொல்லி முடித்த பிறகு, மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஒரு ஏக்கர் நிலம் வாங்கினவரும், அந்த நிலத்துக்குப் போகிற வழி தன்னுடையது என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. வழி இல்லாத நிலம் நிலமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். பத்திர எழுத்தருக்கும் தெரியும்.

தனி ஆள் ஒருவர் தன் அரை ஏக்கருக்கு எழுதி வாங்கின அந்த ஒரு வரியை, இத்தனை ஊர்களும் சேர்ந்து தங்களுக்காக எழுதிக்கொள்ள முடியாதா? பால்காரரின் சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளின் புது சைக்கிள்கள் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்கின்றன. கரைகளை அடைத்து முடிப்பதற்குள் யாராவது அந்த வரியை எழுதிவிட வேண்டும்.